அப்பாவின் பென்ஷன்: வரியில்லாத கால் பங்கை இப்போதே எடுத்தால் எங்களுக்கு லாபமா, நட்டமா?

வெம்பிளி மகள்

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 73 வயது. 2027 நவம்பரில் 75 நிறைகிறது. இங்கே இங்கிலாந்தில் வேலை செய்த இடத்துப் பென்ஷனை ஒன்றாகச் சேர்த்து ஒரு சிப் கணக்கில் (முதலீட்டை நாமே தீர்மானிக்கிற தனிப் பென்ஷன்) வைத்திருக்கிறார், இப்போது 360,000 பவுண்டு இருக்கிறது. வரியில்லாமல் எடுக்கக்கூடிய கால் பங்கு உட்பட, இதுவரை ஒரு பென்னிகூடத் தொடவில்லை. அரசாங்கப் பென்ஷனும் மேல்மாடி அறை வாடகையும் அவருக்குத் தாராளம். வீடு 650,000 போகும், கடன் முடிந்துவிட்டது. வங்கியில் 120,000. அம்மா 2015ல் தவறிவிட்டார். பிள்ளைகள் நானும் தம்பியும்தான்.

போன வாரம் ஒரு அந்தியேட்டி வீட்டில் மாமா ஒருவர் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "75 தாண்டினால் அந்த 25 சதவீதத்தை எடுக்கவே முடியாது, இப்பவே எடு" என்றார். அதே மூச்சில், "ஆனால் எடுத்தால் பிள்ளைகள் வரி இல்லாமல் வாங்கக்கூடிய தொகை குறைந்துவிடும்" என்றும் சொன்னார். அப்பாவுக்கு அன்று இரவு தூக்கம் இல்லை. எனக்கும்தான். இரண்டில் எது உண்மை?

கணக்கர்72

தங்கச்சி, மாமா சொன்ன முதல் பாதி தவறு. இரண்டாவது பாதி சரி, ஆனால் உங்கள் அப்பாவைத் தொடாது.

75க்குப் பிறகும் வரியில்லாத பங்கை எடுக்கலாம். சில பழைய பாலிசிகளில் வேறு நிபந்தனை இருக்கக்கூடும், அதற்காகக் கம்பெனியிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். பிறந்தநாளோடு அந்த உரிமை போவதில்லை. அவர் உயிரோடு இருக்கும்வரை இருக்கும், அவரோடு போகும். பயம் எல்லாம் அந்த இடத்தில்தான்.

இரண்டாவது பாதியில் இரண்டு வரம்புகள் இருக்கின்றன. 2024 ஏப்ரல் 6ல் பழைய ஆயுட்கால வரம்பை (வரிச் சலுகையோடு பென்ஷனில் சேர்க்கக்கூடிய மொத்தத்துக்கு இருந்த எல்லை) எடுத்துவிட்டு அவற்றைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் தன் வாழ்நாளில் வரியில்லாமல் எடுக்கக்கூடிய மொத்தப் பணம் 268,275 பவுண்டு. இன்னொன்று 1,073,100. அவர் எடுத்ததும், 75க்கு முன் இறந்தால் வாரிசுகள் வரியில்லாமல் மொத்தமாக வாங்குவதும் சேர்ந்து இந்தப் பெரிய வரம்புக்குள் அடங்க வேண்டும். அப்பா இன்று 90,000 எடுத்தால் பெரிய வரம்பில் 983,100 மிஞ்சும். கணக்கில் மிஞ்சுவதோ 270,000. எங்கே இடிக்கிறது? இடிக்கவே இல்லை.

குரோய்டன்காரன்

அண்ணை, அப்படியானால் எடுக்காமலே விடலாமே? 75க்கு முன் ஏதாவது நடந்தால் பிள்ளைகளுக்கு முழுதும் வரியில்லாமல் வரும் என்றுதானே சொல்கிறீர்கள்.

கணக்கர்72

வருமான வரியைப் பொறுத்தவரை அப்படித்தான். 75க்கு முன் இறந்தால் 360,000 முழுதும் வரியில்லாமல் கைக்கு வரும், 90,000 எடுத்தாரா எடுக்கவில்லையா என்பதே பொருட்டில்லை. ஒரு நிபந்தனை: இறந்த தகவல் கம்பெனிக்குத் தெரிந்து இரண்டு வருடத்துக்குள் பணத்தைக் கொடுத்து முடிக்க வேண்டும், அல்லது வாரிசு பெயரில் டிராடவுனுக்கு (பணத்தைப் பென்ஷனுக்குள்ளேயே வைத்து வேண்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிற முறை) மாற்ற வேண்டும்.

75க்குப் பின் இறந்தால் கதை தலைகீழ். பிள்ளைகள் எடுக்கிற ஒவ்வொரு பவுண்டும் அவர்களுடைய சம்பளத்தோடு சேர்த்து வரிக்குப் போகும். அப்பா எடுக்காமல் விட்ட கால் பங்குக்கும் சேர்த்துத்தான் வரி. அவர் கையால் எடுத்திருந்தால் வரியே இல்லாத 90,000, மகளின் கைக்கு வரும்போது 20 சதவீதமோ 40 சதவீதமோ வரி கட்டுகிற பணமாகிவிடும். 40 என்றால் ஏறத்தாழ 36,000 போச்சு.

டூட்டிங் ராத்திரி ஷிப்ட்

ஆக, 75வது பிறந்தநாளுக்கு முதல் நாள் எடுக்க வேண்டும். முடிந்தது கதை. அடுத்த கேள்வி?

கணக்கர்72

அவ்வளவு சுலபமாக முடியவில்லை தம்பி. எடுத்த காசு எங்கே போகிறது? வங்கிக்கு. வங்கியில் இருப்பது வாரிசு வரிக்குள், அதாவது இறந்தவரின் சொத்துக்குப் போடுகிற வரிக்குள். இதுவரை பென்ஷன் வாரிசு வரிக்கு வெளியே இருந்தது, அதனால்தான் எல்லோரும் மற்றச் சேமிப்பைத் தின்றுவிட்டுப் பென்ஷனைக் கடைசிக்கு வைத்தார்கள். 2024 அக்டோபர் 30 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அதை மாற்றினார். 2027 ஏப்ரல் 6 முதல், செலவழிக்காமல் கிடக்கிற பென்ஷனும் சொத்துக் கணக்கில் சேரும்.

தங்கச்சியின் வீட்டுக் கணக்கையே போடுவோம். ஒருவருக்கு 325,000 வரை வாரிசு வரி இல்லை. வீட்டைப் பிள்ளைகளுக்கு விட்டால் இன்னும் 175,000. அம்மாவின் இந்த இரண்டு விலக்குகளையும், அவர் பயன்படுத்தவில்லை என்றால், அப்பாவோடு சேர்த்துக் கேட்கலாம். அந்த வீட்டுச் சலுகை 2017ல்தான் வந்தது, இருந்தாலும் 2015ல் இறந்தவருக்கும் அது உண்டு. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஆக 10 லட்சம் வரை வரி இல்லை.

வீடும் வங்கியும் 770,000. இன்று அவருக்கு ஏதாவது நடந்தால் வாரிசு வரி பூச்சியம். 2027 ஏப்ரலுக்குப் பிறகு பென்ஷனும் சேர்ந்து 1,130,000. மேலே நிற்கிற 130,000க்கு 40 சதவீதம், அதாவது 52,000 பவுண்டு.

இப்போது 90,000 எடுத்து வங்கியில் போட்டால்? பென்ஷனில் குறையும், வங்கியில் கூடும். கூட்டுத்தொகை அதே 1,130,000. வாரிசு வரி அதே 52,000. வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றியதுதான். 75க்குப் பின் வரக்கூடிய வருமான வரி மட்டும்தான் மிச்சப்படும்.

வெம்பிளி மகள்

இதைத்தான் யாரும் சொல்லவில்லை! பேப்பரில் "67 சதவீதம் வரி" என்று போட்டிருந்தார்கள். அது நமக்கும் வருமா?

கணக்கர்72

அந்தக் கணக்கு ஏற்கெனவே வரம்பைத் தாண்டி நிற்கிறவர்களுக்கு. 100 பவுண்டில் 40 வாரிசு வரி, மிச்சம் 60ல் 45 சதவீதம் வருமான வரி 27, மொத்தம் 67. உங்கள் வீட்டில் 52,000ஐ முழுச் சொத்துக்கும் பிரித்துப் போடுவார்கள். பென்ஷனின் பங்கு ஏறத்தாழ 16,566. அந்தத் தொகையைக் கழித்த பிறகுதான் உங்களுக்கு வருமான வரி. மிச்சம் 343,434. ஆளுக்கு 171,717.

இதை ஒரே வருடத்தில் மொத்தமாக எடுத்தால்தான் ஆபத்து. சம்பளத்தோடு சேர்ந்து 125,140ஐத் தாண்டிவிடும், அதற்கு மேல் 45 சதவீதம், சாதாரண வரிவிலக்கும் போய்விடும். டிராடவுனில் வைத்து வருடா வருடம் கொஞ்சமாக எடுத்தால் பெரும்பகுதி 20 சதவீதத்தில் முடியலாம். அவசரப்பட்டு "மொத்தமாக வேண்டும்" என்ற பெட்டியில் டிக் போடுகிற பிள்ளைதான் அதிகம் இழக்கிறது.

நர்ஸ் அக்கா

எடுக்கிற முன் என் கதையையும் கேளுங்கள். 2024 பட்ஜெட்டுக்கு முந்தின மாதம், 25 சதவீதத்தைக் குறைக்கப் போகிறார்கள் என்று எங்கும் வதந்தி. என் வீட்டுக்காரர் பயந்துபோய் 60,000ஐ எடுத்துவிட்டார். பட்ஜெட்டில் அதைத் தொடவே இல்லை. 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே என்று கம்பெனிக்கு எழுதினோம். பென்ஷனிலிருந்து எடுத்த மொத்தப் பணத்தைத் திருப்பி வைத்தாலும் வரிக் கணக்கில் அது எடுத்தது எடுத்ததுதான், குறைந்த வரம்பு திரும்பி வராது என்று பதில் வந்தது. வரித்துறையான எச்எம்ஆர்சியின் நிலைப்பாடும் அதுதான். இப்போது அந்தக் காசு சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது, வட்டிக்கு வருடா வருடம் வரி கட்டுகிறார். உள்ளேயே விட்டிருந்தால் வளர்ச்சிக்கு வரி கிடையாது.

வதந்தியைக் கேட்டு எடுக்காதீர்கள். அவ்வளவுதான் சொல்வேன்.

குரோய்டன்காரன்

அக்கா சொல்வது சரி, ஆனால் எடுத்துப் பிள்ளைக்குக் கொடுத்தால்? தம்பிக்கு வீட்டு டெபாசிட் என்று 90,000ஐத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஏழு வருடம் இருந்துவிட்டால் அது சொத்துக் கணக்கில் வராதே.

கணக்கர்72

வராது. அப்போது 1,040,000, வரி 16,000 மட்டும். 36,000 மிச்சம். 75க்குப் பிறகு போகிற வருமான வரியும் சேர்ந்து மிச்சம். உங்கள் வீட்டில் எடுப்பதற்கு அர்த்தம் இருக்கிறது என்றால் இந்த வழியில்தான்.

ஒரு எச்சரிக்கை. ஏழு வருடத்துக்குள் இறந்தால் அந்தத் தொகை வரியில்லாத வரம்பை முதலில் தின்னும். மூன்று வருடத்துக்குப் பிறகு வரி படிப்படியாகக் குறையும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 325,000க்கு மேல் கொடுத்தவர்களுக்குத்தான் உதவும். 90,000 கொடுத்தவருக்கு அந்தப் படி இறங்காது. பிள்ளையிடம் கொடுத்த காசு பிள்ளையின் காசு, நாளைக்கு அவருக்கு விவாகரத்து என்றால் அதுவும் மேசைக்கு வரும்.

ஈஸ்ட்ஹாம் பெரியவர்

நான் வேறு வழியில் செய்கிறேன். கால் பங்கைத் தொடுவதில்லை. மாதாமாதம் டிராடவுனில் கொஞ்சம் எடுத்து, வரியைக் கட்டிவிட்டு, என் செலவு போக மிஞ்சுவதைப் பேரப்பிள்ளைகளின் படிப்புக்கு அனுப்புகிறேன். வருமானத்திலிருந்து வழக்கமாகக் கொடுக்கிற தொகைக்கு ஏழு வருடம் எல்லாம் இல்லை, அன்றைக்கே கணக்கிலிருந்து போய்விடும். நம் வாழ்க்கைத் தரம் குறையக் கூடாது, ஒழுங்காகத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும், எழுதி வைக்க வேண்டும். ஐஎச்டி403 என்று ஒரு படிவம் இருக்கிறது, அதில் வருடா வருடம் வரவு, செலவு, கொடுத்தது மூன்றையும் போட வேண்டும். நான் இறந்த பிறகு மகன் நிரப்ப வேண்டியது, இப்போதே பென்சிலால் நிரப்பி வைக்கிறேன்.

மொத்தமாக எடுக்கிற 25 சதவீதத்தை வருமானமாகக் காட்ட முடியாது. அது மூலதனம். இந்த வித்தியாசத்தைப் பலர் கலக்கிவிடுகிறார்கள்.

டூட்டிங் ராத்திரி ஷிப்ட்

ஐயா, கோயிலுக்குக் கொடுத்தால்?

ஈஸ்ட்ஹாம் பெரியவர்

பதிவு செய்த அறக்கட்டளையாக இருந்தால் வாரிசு வரி இல்லை. எல்லாக் கோயிலும் பதிவு செய்திருக்கும் என்று நினைத்துவிடாதே. எண்ணைக் கேட்டு வாங்கு, புண்ணியம் தனிக் கணக்கு.

மில்டன்கீன்ஸ் மருமகன்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் மாமனார் என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) டாக்டராக இருந்தவர். அவருக்கு அந்தப் பெரிய வரம்பு உண்மையிலேயே இடிக்கும் போலிருக்கிறது. 2022ல் ஓய்வு பெற்றார். என்எச்எஸ்ஸின் பழைய 1995 பிரிவுப் பென்ஷன், வருடம் 30,000, அதோடு மொத்தமாக 90,000 கொடுத்தார்கள். தனியாக ஒரு சிப்பில் 950,000 இருக்கிறது, தொடவில்லை. வயது 68. 90,000தானே எடுத்தார், அதைத்தானே கழிப்பார்கள்?

கணக்கர்72

இல்லை தம்பி. இங்கேதான் பெரிய ஓட்டை. 2024 ஏப்ரலுக்கு முன் எடுத்ததை உண்மையான தொகையாகப் பார்க்க மாட்டார்கள். பழைய ஆயுட்கால வரம்பில் எத்தனை சதவீதம் பயன்படுத்தினார் என்று பார்த்து, அதன் கால் பங்கைக் கழிப்பார்கள். பழைய விதிப்படி அவருடைய வருடப் பென்ஷன் 30,000ஐ இருபதால் பெருக்கினால் 600,000. அதோடு 90,000. மொத்தம் 690,000. கால் பங்கு ஏறத்தாழ 172,500. எடுக்காத 82,500ஐயும் எடுத்ததாகக் கணக்கு வைக்கிறார்கள்!

அதனால் 268,275 என்ற சொந்த வரம்பில் 178,275க்குப் பதிலாக 95,775 மட்டும் மிஞ்சும். பெரிய வரம்பில் 983,100க்குப் பதிலாக 900,600. சிப்பில் 950,000 இருக்கிறது என்றால், 75க்கு முன் இறந்து பிள்ளைகள் மொத்தமாக வாங்கினால் 49,400க்கு வருமான வரி வரும்.

இதற்கு ஒரு மருந்து இருக்கிறது. இடைமாற்றச் சான்றிதழ் என்று பென்ஷன் கம்பெனியிடம் கேட்கலாம், உண்மையில் எடுத்தது 90,000தான் என்று ஆதாரத்தோடு. கொடுத்தால் 983,100 திரும்பி வரும், வரி போய்விடும். ஆனால் 2024 ஏப்ரல் 6க்குப் பின் வரியில்லாப் பணம் ஒரு தடவைகூட எடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். கேட்டுப் பெற்றால் பின்வாங்க முடியாது, அதனால் முழுதாகக் கணக்குப் போட்டுவிட்டுக் கேளுங்கள். முழு 25 சதவீதமும் எடுத்தவர்களுக்கு இதனால் பலன் இல்லை.

நர்ஸ் அக்கா

எங்கள் வார்டில் ஒரு சிஸ்டர் சான்றிதழ் பற்றித் தெரியாமல் 2025ல் சின்ன சிப்பிலிருந்து 5,000 எடுத்துவிட்டார். அவ்வளவுதான், வாசல் மூடிவிட்டது. ஐயாயிரத்துக்காக.

மில்டன்கீன்ஸ் மருமகன்

நல்லவேளை, மாமனார் இன்னும் தொடவில்லை. இன்றைக்கே சொல்கிறேன். இன்னொன்று, மொத்தமாக வாங்காமல் டிராடவுனில் வைத்தால் அந்த வரம்பைப் பார்க்க மாட்டார்கள் என்று எங்கோ படித்தேன். உண்மையா?

கணக்கர்72

உண்மை. 75க்கு முன் இறந்தால் வாரிசின் டிராடவுனுக்கு அந்த 1,073,100 வரம்பே கிடையாது, மொத்தப் பணமாகக் கொடுத்தால்தான் உண்டு. பெரிய தொகை உள்ள குடும்பத்துக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் ஒரு பொறி. மாமியார் உயிரோடு இருக்கிறாரா? தனக்குப் பின் பென்ஷன் யாருக்கு என்று சொல்கிற விருப்பப் படிவத்தில் மாமனார் பிள்ளைகளின் பெயர் எழுதியிருக்கிறாரா? மனைவி இருக்கும்போது, பெயர் எழுதப்படாத வளர்ந்த பிள்ளைக்கு டிராடவுன் கொடுக்கக் கம்பெனிக்கு அதிகாரம் இல்லை, மொத்தப் பணம் மட்டும்தான் கொடுக்கலாம். அப்போது அந்த வரம்பு வந்து நிற்கும். எல்லோருடைய பெயரையும் படிவத்தில் எழுதுங்கள், ஒருவருக்கு 1 சதவீதம் என்றாலும் சரி.

குரோய்டன்காரன்

அண்ணை, மனைவிக்குப் போனால் வாரிசு வரியே இல்லைதானே? என் பெரியப்பாவின் மனைவி யாழ்ப்பாணத்தில்தான் இருக்கிறார், இங்கே வந்ததே இல்லை.

கணக்கர்72

அங்கேயும் கவனம். 2025 ஏப்ரல் முதல், வாரிசு வரிக்குக் கணவன் மனைவி எங்கே நீண்டகாலம் வசித்தார்கள் என்று பார்க்கிறார்கள். பொதுவாக 20 வருடத்தில் 10 வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும். பெரியப்பா இங்கே நீண்டகாலம் இருந்தவர், பெரியம்மா அப்படி இல்லை என்றால் கணவன் மனைவி விலக்கு 325,000 வரைதான். விருப்பம் தெரிவித்து நீண்டகாலம் வசித்தவராகக் கணக்கில் எடுக்கச் செய்யவும் வழி உண்டு, ஆனால் அதற்கு விலையும் உண்டு, வக்கீலிடம் போக வேண்டிய வேலை. ஊரில் வசிக்கிறவர் எடுக்கிற 25 சதவீதத்துக்கும் இதே கவனம் வேண்டும். வரியில்லை என்பது இங்கத்தைய சட்டம். வசிக்கிற நாடு அதை ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

டூட்டிங் ராத்திரி ஷிப்ட்

ஒரு நோயாளி வீட்டில் கேட்டது. ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் முழுப் பென்ஷனையும் வரியில்லாமல் எடுக்கலாமாமே?

கணக்கர்72

75க்குக் கீழே என்றால் எடுக்கலாம், தொடாத பணத்தை, பெரிய வரம்புக்குள். ஆனால் எடுத்தவுடன் அது வங்கிப் பணம். 2027 ஏப்ரலுக்கு முன் என்றால், வெளியே இருந்த பணத்தை நாமே வாரிசு வரிக்குள் இழுத்துவிட்டதாகிவிடும். மனைவிக்குப் போகிறது என்றால் பரவாயில்லை. பிள்ளைகளுக்கு என்றால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

வெம்பிளி மகள்

எல்லோருக்கும் நன்றி. நேற்று அப்பாவோடு உட்கார்ந்து கம்பெனிக்கு போன் போட்டோம். 25 சதவீதத்தை 75க்குப் பின்னும் எடுக்கலாம் என்று உறுதியாகச் சொன்னார்கள். அப்புறம் நான் விருப்பப் படிவத்தைக் கேட்டேன். ஸ்கேன் பண்ணி அனுப்பினார்கள். 1998ல் அப்பா கையெழுத்துப் போட்டது. அதில் ஒரே ஒரு பெயர், அம்மாவுடையது.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு புதுப் படிவத்தை எடுத்து என் பெயரையும் தம்பியின் பெயரையும் எழுதினார், பேரப்பிள்ளைகள் மூவரையும் சேர்த்து.

எடுப்பதைப் பற்றி அவர் முடிவு இதுதான்: தம்பி வீடு பார்த்துக்கொண்டிருக்கிறான், அவனுக்காக 45,000 மட்டும். எனக்கும் உயிலில் ஈடுகட்டுகிறார். மிச்சக் கால் பங்கு உள்ளேயே இருக்கும், 75 நெருங்கும்போது மறுபடி உட்கார்ந்து பேசுவோம். நான் "முழுதையும் எடுத்துவிடுங்கள்" என்றுதான் சொன்னேன். "உனக்குப் பிறகு தேவைப்படும்போது உன்னிடம் கேட்க எனக்கு வராது" என்றார். எனக்குப் பதில் இல்லை.

நர்ஸ் அக்கா

பெரியவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முதியோர் இல்லம், வீட்டுக்கு ஆள் என்று வந்தால் இங்கிலாந்தில் 23,250க்கு மேல் கையிருப்பு இருந்தால் செலவு நம் தலையில்தான். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் கொடுத்தார் என்று கவுன்சில் நினைத்தால், கொடுத்த காசையும் இருப்பதாகவே கணக்கு வைப்பார்கள்.

ஈஸ்ட்ஹாம் பெரியவர்

45,000 கொடுக்கும்போது தேதி போட்டு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். இது கடன் இல்லை, அன்பளிப்பு என்று. வருடத்துக்கு 3,000 விலக்கு இருக்கிறது, போன வருடத்தது பயன்படுத்தாமல் இருந்தால் அதையும் சேர்த்து 6,000 அன்றைக்கே கழியும். மிச்சம் 39,000க்குத்தான் ஏழு வருடம் எண்ண வேண்டும்.

கணக்கர்72

45,000 வந்தவுடன் கம்பெனி ஒரு தாள் அனுப்பும், எந்த வரம்பில் எவ்வளவு பயன்பட்டது என்று. அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். 2027க்குப் பிறகு பென்ஷனுக்கான வாரிசு வரிக் கணக்கைப் போடுகிற பொறுப்பு உயிலை நிறைவேற்றுகிறவர் தலையில், பென்ஷன் கம்பெனியிடம் இல்லை. பாதிப் பணத்தை 15 மாதம்வரை நிறுத்தி வைக்கச் சொல்லவும் அவருக்கு வழி இருக்கிறது. அப்பாவுக்கு யார் அது, தம்பியா?

வெம்பிளி மகள்

நான்தான் அண்ணா. தாளை உயிலோடு ஒரே உறையில் வைத்துவிட்டேன், அம்மாவின் மரணச் சான்றிதழும் அதில்தான் இருக்கிறது.